வீட்டில் ஒருவர் குடிக்கிறார்: பஞ்சாயத்தா, திருட்டு மாத்திரையா, விலகி நிற்பதா, பேச்சை மாற்றுவதா?

அப்பாவோ கணவரோ அண்ணனோ குடியில் விழுந்துவிட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்ல வந்துவிடுவார்கள். பெரியப்பாவை வைத்துப் பேசு என்பார் ஒருவர், சாப்பாட்டில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறது என்பார் இன்னொருவர், சென்டரில் சொன்னால் வண்டியோடு வந்து தூக்கிப் போவார்கள் என்று ஒரு குரல், "நீ உன் பிழைப்பைப் பார், அவன் எக்கேடோ கெடட்டும்" என்று ஒரு குரல். எல்லாம் அக்கறையில் வருவதுதான். ஆனால் இவற்றின் பலனும் ஒன்றல்ல, ஆபத்தும் ஒன்றல்ல. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குடிப்பவரைச் சிகிச்சைக்கு வர வைப்பதுதான் நோக்கம் என்றால், வீட்டில் இருப்பவர்கள் பேசும் விதத்தை மாற்றுகிற வழிக்கே என் ஓட்டு.

மாத்திரையை முதலில் முடித்துவிடலாம். அது பெரும்பாலும் டைசல்பிராம். சாராயம் உடம்பில் உடையும்போது உருவாகும் அசெட்டால்டிஹைடு என்ற நச்சை அடுத்த கட்டத்துக்குப் போகவிடாமல் இது தடுத்துவிடும். அதனால் மாத்திரை போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். சிலருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் 2 வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். மருத்துவர் ஈரலையும் இதயத்தையும் பார்த்து எழுதிக் கொடுத்து, குடிப்பவரும் சம்மதித்து, காலையில் மனைவி கையால் வாங்கிப் போட்டுக்கொண்டால் இது நல்ல மருந்து. அதையே தெரியாமல் சாம்பாரில் கலந்தால் விஷப்பரீட்சை. உண்மை தெரிந்த நாளிலிருந்து அவர் உங்கள் கையால் ஒரு வாய் சாப்பிடவும் தயங்குவார், அப்புறம் நீங்கள் சொல்லும் எந்த வார்த்தை ஏறும்? ஆன்லைனில் விற்கிற, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பொடிகளை இன்னும் மோசம் என்றுதான் சொல்வேன்.

அடுத்து பஞ்சாயத்து. மாமா, சித்தப்பா, பெரிய மருமகன் எல்லாரையும் கூட்டி நடுவில் அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பது, கடைசியில் பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்குவது. அமெரிக்காவில் இதன் திருத்தமான வடிவத்தையே வெர்னான் ஜான்சன் என்ற பாதிரியார் ஒரு முறையாக்கினார். குடும்பம் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, ஒன்றாக உட்கார்ந்து, சிகிச்சைக்குப் போகச் சொல்லி நேருக்கு நேர் கேட்கும். இதற்கு எதிர்முனையில் இருப்பது ஆல்-அனான். 1935-ல் தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற சுய உதவிக் குழு) குடிப்பவர்களுக்கானது என்றால், 1951-ல் உருவான ஆல்-அனான் அவர்களது வீட்டாருக்கானது. இந்தக் குடி என்னால் வந்ததல்ல, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது என்று ஏற்றுக்கொண்டு, பாசத்தை விடாமல் பாரத்தை மட்டும் இறக்கி வைக்கச் சொல்கிறது.

இவை இரண்டும் போக மூன்றாவது வழி, நான் முதலில் சொன்ன, வீட்டார் பேச்சை மாற்றுகிற வழி. அதை உருவாக்கியவர் ராபர்ட் மேயர்ஸ், நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். கம்யூனிட்டி ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் அண்ட் ஃபேமிலி ட்ரெயினிங் என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து கிராஃப்ட் என்கிறார்கள். 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, சிகிச்சையே வேண்டாம் என்று அடம்பிடித்தவர்களின் உறவினர் 130 பேரை எடுத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கிராஃப்டில் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தினர் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜான்சன் வழியில் 30, ஆல்-அனான் வழியில் 13. ஆல்-அனானை இதை வைத்துக் குறை சொல்லக் கூடாது, ஆளைக் கூட்டி வருவது அதன் வேலையே அல்ல. குடும்பத்தாரின் மன உளைச்சல் குறைந்தது என்ற கணக்கில் மூன்றும் ஏறக்குறைய சமமாகவே வந்தன. ஆக, அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் உதவி தேடினால் உங்கள் நிலை தேறும் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. எனக்கு அதில் பிடித்த சேதி இதுதான்.

சரி, கிராஃப்டில் என்னதான் செய்கிறார்கள்? முதலில் கவனிப்பது. எந்தக் கிழமை, யாரோடு, எந்தச் சண்டைக்குப் பிறகு, சம்பளம் கைக்கு வந்த எத்தனையாவது மணி நேரத்தில் கடைக்குப் போகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்வது. அப்புறம் பேச்சு. மப்பில் இருப்பவரிடம் எதையும் பேசாதீர்கள், ராத்திரி 11 மணிக்கு நியாயம் கேட்டால் அடியோ அழுகையோதான் மிஞ்சும். தெளிந்திருக்கும்போது பேசுங்கள், சுருக்கமாக, குறிப்பாக, உங்கள் மனதிலிருந்து. "உங்களுக்கு வெட்கமா இல்ல? ஊரே சிரிக்குது" என்பதற்குப் பதில், "நேத்து நீங்க குடிக்காம வந்தீங்க, பாப்பா உங்க மடியிலயே தூங்கினா. எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. இன்னிக்கும் வேலை விட்டு நேரா வர்றீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். நடிக்கச் சொல்லவில்லை, உண்மையிலேயே நன்றாக இருந்த நேரத்தைச் சொல்லச் சொல்கிறேன். கோபத்தைவிட இது கடினம், பத்து வருஷம் பட்டவருக்கு வாயே வராது. அதனால்தான் ஆலோசகரிடம் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குடிக்காத நாளில் அவருக்குப் பிடித்த குழம்பு, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சு, சேர்ந்து ஒரு நடை. குடித்து வந்த நாளில் சண்டையும் வேண்டாம், உபசாரமும் வேண்டாம், விலகிவிடுங்கள். மறுநாள் முதலாளிக்கு போன் போட்டு "காய்ச்சல்" என்று பொய் சொல்லாதீர்கள். அவர் வாங்கிய கடனை அடைக்காதீர்கள். குடியின் விளைவு குடித்தவரிடமே போய்ச் சேரட்டும். ஆனால் குடித்துவிட்டு பைக் சாவியை எடுக்கிறார் என்றால் அதை விளைவு என்று விட்டுவிடக் கூடாது, சாவியை முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். அடிக்கிற வீடு என்றால் வேறு எல்லாவற்றுக்கும் முன்னால் வெளியேற ஒரு வழியும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் கைவசம் வேண்டும். பொறுமையாகப் பேசுங்கள் என்று அடிவாங்குகிற பெண்ணிடம் யாரும் சொல்லக் கூடாது.

மாலை போடுவது, கயிறு கட்டுவது பற்றி ஒரு வார்த்தை. சபரிமலைக்கு மாலை போட்ட 41 நாளும் தொடாமல் இருந்து, மலை இறங்கியதும் கடைக்குப் போகிறவர்களைப் பார்த்துவிட்டு, "நினைச்சா இருக்க முடியுது, திமிர்தானே" என்று வீட்டார் கொதிப்பார்கள். அந்த 41 நாளை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். தெளிந்த தலையோடு அவர் கிடைக்கும் அருமையான காலம் அது. சிகிச்சைப் பேச்சை அப்போது எடுங்கள்.

ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கத்தில் தொடங்கி, முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, ஆள் இடம் நேரம் தெரியாத பிதற்றல் வரலாம். அறையில் வைத்துப் பூட்டித் தெளிய வைப்பது அதனால்தான் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம்.

வண்டி வைத்துத் தூக்கிப் போவதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைப்பேன். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் சேர்த்தே பேசுகிறது. சம்மதமில்லாமல் சேர்க்கக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும், முதலில் 30 நாள் வரைதான். சங்கிலியால் கட்டுவது குற்றம். எந்த மையமானாலும் பதிவுச் சான்று இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, நாங்கள் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்க்க விட மாட்டோம் என்றால் அங்கே விடாதீர்கள். சென்னை இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்கள் குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவருகின்றன. தேட வேண்டியது அப்படிப்பட்ட மையத்தைத்தான்.

கடைசியாக நேரம். டாக்டர் ஈரலைக் காட்டிப் பயமுறுத்திய அன்று, வேலை போன மறுநாள், பிள்ளை எதையோ கேட்டு அவர் தலை குனிந்த காலை, இப்படி ஒரு கதவு திறக்கும், சீக்கிரம் மூடியும்விடும். அப்போது போய் எந்த ஆஸ்பத்திரி என்று தேடாமல், எங்கே, எந்த டாக்டர், எத்தனை மணிக்கு, எவ்வளவு செலவு என்பதை முன்பே விசாரித்து வையுங்கள். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14446 போதை மீட்பு உதவி எண். இரண்டுக்கும் நீங்களே போன் செய்யலாம், அவர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.