பின் பாக்ஸா, வால்வா, ஸ்பீக்கரா: புதுச்சேரியில் ஒரு சொகுசு செடானுக்குக் குரல் கொடுப்பது எப்படி

சாலை வரி குறைவு என்பதால் பிஒய் எண்பலகை போட்ட ஜெர்மன் செடான்களுக்குப் புதுச்சேரியில் என்றைக்கும் பஞ்சமில்லை. அவற்றின் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு ஒரே மனக்குறை: வண்டி பறக்கிறது, ஆனால் வாயே திறப்பதில்லை. உடனே சைலன்ஸர் பக்கம் கண் போகும். இணையத்தில் பத்து வீடியோ பார்த்தால் பத்து வழி சொல்வார்கள். நம் ஊர்ச் சாலை, நம் ஊர்க் கடல்காற்று, நம் ஊர் ஓட்டம் இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அவற்றில் எது தேறும் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சத்தம் யார் காதுக்கு? உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கா, நேரு வீதியில் நடந்து போகிறவருக்கா? இதற்கு நேர்மையான பதில் கிடைத்தாலே பாதி வழிகள் தானாகக் கழிந்துவிடும்.

அடுத்தது எஞ்சின். எக்ஸாஸ்ட், அதாவது எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் வரிசை, சத்தத்தை உண்டாக்குவதில்லை. உண்டான சத்தத்தில் எதை விடலாம், எதை அடக்கலாம் என்று மட்டும் பார்க்கிறது. நாதஸ்வரத்தில் சீவாளிதான் ஒலியைப் பிறப்பிக்கிறது. கீழ் முனையில் இருக்கும் அணசை எவ்வளவு பளபளப்பாக மாற்றினாலும் சீவாளி சரியில்லையென்றால் வாசிப்பு எடுபடாது. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது, ஆறு சிலிண்டர் மூன்று முறை. 3,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்றில், கணக்குப் போட்டால் முன்னதின் அடிநாதம் 100 ஹெர்ட்ஸ், பின்னதுடையது 150 ஹெர்ட்ஸ். பிஎம்டபிள்யூ எம்340ஐ வண்டியின் 3 லிட்டர் ஆறு சிலிண்டருக்கு இயல்பிலேயே ஒரு சுருதி உண்டு, குழாயைத் திறந்தால் அது வெளியே வரும். 330ஐ வண்டியின் 2 லிட்டர் நாலு சிலிண்டரைத் திறந்தால் வருவது வேறு. போதாக்குறைக்கு, புகையால் சுழலும் டர்போவின் சக்கரம் வெடிப்பு அலைகளை முதலிலேயே மட்டுப்படுத்திவிடுகிறது. நாலு சிலிண்டரிலிருந்து ஆறு சிலிண்டர் சத்தத்தை எந்தப் பட்டறையும் எடுத்துத் தராது. தருகிறேன் என்று யாராவது சொன்னால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இனி வழிகள். எஞ்சினிலிருந்து பின்பக்கம் போகும் வரிசை இது: டர்போ, அதை ஒட்டி டவுன்பைப் என்னும் குழாய், அதிலேயே புகையின் நச்சைக் குறைக்கும் கேட்கான் (கேட்டலிடிக் கன்வர்ட்டர்), வண்டியின் நடுவில் சின்ன ஒலிவடிகட்டியான ரெசனேட்டர், கடைசியில் டிக்கிக்கு அடியில் சத்தத்தை அடக்கும் பெரிய பின் பாக்ஸ். எந்த இடத்தில் கை வைக்கிறோம் என்பதில்தான் செலவும் சத்தமும் சிக்கலும் அடங்கியிருக்கின்றன.

பின் பாக்ஸை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுவதுதான் நம் பக்கத்தில் முதலில் காதில் விழும் யோசனை. "சார், பின்னாடி பாக்ஸை மட்டும் எடுத்துடலாம். அரை நாள் வேலை. பிடிக்கலைன்னா திரும்ப வெச்சுக்கலாம்." இதில் கடைசி வாக்கியத்தை மட்டும் அப்படியே நம்பக்கூடாது. இந்த வகை வண்டிகள் பலவற்றில் நடுக்குழாயும் பின் பாக்ஸும் ஒரே துண்டாக வருகின்றன. கழற்றுவது என்றால் அறுப்பது என்று பொருள். பிடிக்காமல் திரும்ப வைக்க வேண்டுமென்றால் அறுத்த இடத்தில் மறுபடி இணைக்க ஃபிளாஞ்சோ கிளாம்ப்போ போட்டு முதல் நாளே வழி செய்திருக்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. சத்தமும் உடனே தெரியும். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துக் காட்டும்போது நன்றாகவே இருக்கும். பிரச்சினை கிளம்பிய பிறகு. எட்டு கியர் ஆட்டோமேட்டிக் வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் 1,500லிருந்து 2,000 ஆர்பிஎம்முக்குள்தான் சுற்றும். நாலு சிலிண்டருக்கு அது 50 முதல் 67 ஹெர்ட்ஸ். இந்தத் தாழ்ந்த ஒலியை அடக்கத்தான் அவ்வளவு பெரிய பாக்ஸையே வைத்தார்கள். அதை எடுத்துவிட்டால் காருக்குள் 'ஊம்ம்' என்று ஒரு இரைச்சல் நிரம்பும். வெளியே இருப்பவருக்கு அது அவ்வளவாகக் கேட்காது, உள்ளே இருப்பவருக்குத் தலை கனக்கும். மரக்காணம் தாண்டுவதற்குள் பின்சீட்டில் இருக்கும் அம்மா "இந்த வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார். காசு கொடுத்து வாங்கிய சத்தத்தை மறைக்கப் பாட்டைக் கூட்டி வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. இந்த இரைச்சலைக் கொல்ல, ஒரு முனை அடைத்த பக்கக் குழாய் ஒன்றைச் சேர்க்கலாம். ஆனால் இவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு அதன் நீளம் ஒரு மீட்டருக்கும் மேல் வேண்டும், செடானின் அடியில் அதற்கு இடம் தேடுவதே ஒரு வேலை.

ரெசனேட்டரை மட்டும் எடுப்பது இதைவிடப் பக்குவமான வழி. பின் பாக்ஸ் அப்படியே இருக்கும், சத்தம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் கரகரப்பும் சேரும். ஆறு சிலிண்டரில் இது பரவாயில்லை. நாலு சிலிண்டரில் அந்தக் கரகரப்பு டப்பா ஒலியாக மாறுவதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் மேல் ஒலிகளை வடிகட்டுவதுதான் ரெசனேட்டரின் வேலையே.

வால்வு வைத்த எக்ஸாஸ்ட்தான் என் ஓட்டைப் பெறுவது. குழாய்க்குள் ஒரு தகடு, மூடினால் புகை பாக்ஸ் வழியாகச் சுற்றிப் போகும், திறந்தால் குறுக்கே நேராக வெளியேறும். எம்340ஐ மாதிரி வண்டிகளில் இந்த வால்வு தொழிற்சாலையிலேயே வருகிறது, ஸ்போர்ட் மோடில் போட்டால் கூடுதலாகத் திறக்கும். ஆகவே அப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர் அறுக்கும் வேலைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது, இருக்கும் வால்வை ஒழுங்காகத் திறந்து கேட்டுப் பார்ப்பது. வால்வைத் தனி ரிமோட்டில் இயக்கும் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன. ஒரு குழாயைக்கூட வெட்டாமல், பின் பாக்ஸ் எடுத்தவர் கேட்கும் சத்தத்தில் கணிசமான பகுதி இதிலேயே கிடைத்துவிடும். வேண்டாதபோது மூடிவிடலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி.

வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்குப் போனால் ஸ்லோவேனியாவின் அக்ரபோவிச், ஆஸ்திரியாவின் ரீமஸ் ஆகிய பெயர்கள் முன்னே வந்து நிற்கும். டைட்டானியம், துல்லியமான வளைவு, அந்தந்த வண்டிக்கென்றே கணக்குப் போட்ட பாக்ஸ். இரைச்சல் எந்த ஆர்பிஎம்மில் வரும் என்று சோதித்துச் சரிசெய்த பிறகே விற்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு உலோகத்துக்கு அல்ல, அந்தச் சோதனைக்குத்தான். ஆனால் இறக்குமதி வரியும் சேர்ந்து விலை லட்சங்களில் போய் நிற்கும். நாலு சிலிண்டர் வண்டிக்கு அவ்வளவு கொட்டுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. அந்தப் பணத்தை அடுத்த வண்டி ஆறு சிலிண்டராக இருக்கட்டும் என்று சேர்த்து வைக்கலாம். டர்போ வண்டியில் கேட்கானுக்குப் பின்னால் உள்ள குழாயை மட்டும் மாற்றுவதால் சக்தி பெரிதாகக் கூடுவதுமில்லை, கிடைப்பது சத்தம்தான்.

உள்ளூரில் செய்வதென்றால் கவனிக்க வேண்டியது கடல்காற்று. புதுச்சேரியிலும் கடலூரிலும் எக்ஸாஸ்ட் இரண்டு பக்கமும் துருப்பிடிக்கும். வெளியே உப்புக்காற்று, உள்ளே தண்ணீர். முத்தியால்பேட்டையிலிருந்து மிஷன் வீதி வரை போய் வருவது போன்ற குட்டி ஓட்டங்களில் பாக்ஸ் முழுதாகச் சூடாவதே இல்லை. புகையில் உள்ள நீராவி தண்ணீராகி உள்ளேயே தங்கிவிடும். மைல்டு ஸ்டீல் இங்கே சீக்கிரம் ஓட்டை விழும். '304 எஸ்எஸ்' என்னும் நல்ல ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லிவிட்டு மலிவான 409 ரகத்தைப் போடுவது நடக்கிற கதை. ஒரு காந்தம் எடுத்துப் போங்கள்: 409இல் கெட்டியாக ஒட்டும், 304இல் ஏறக்குறைய ஒட்டாது. வெல்டிங் ஆர்கானில் செய்வாரா, வளைவில் குழாய் நசுங்காமல் வளைப்பாரா என்று கேளுங்கள். நசுங்கிய வளைவு புகையையும் தடுக்கும், சத்தத்தையும் கெடுக்கும். இன்னொன்று, புதுக் குழாய் பழையதைவிடக் கீழே தொங்கக்கூடாது. நம் வேகத்தடைகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டவுன்பைப்பை மாற்றிக் கேட்கானை எடுக்கும் வழிக்கு வருவோம். சத்தம் அதிகம், எஞ்சினின் கணினியான இசிஎம்மின் டியூனோடு சேர்த்தால் சக்தியும் உண்மையாகவே கூடும். இருந்தாலும் இது ஒப்பீட்டில் நிற்கவே தகுதியில்லாதது என்பேன். கேட்கான் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோடு வந்து எஞ்சின் விளக்கு எரியும், அதை மென்பொருளால் மறைக்க வேண்டும், புகைச் சோதனையில் நேர்மையாகத் தேறாது, வாரண்டி போகும், சிக்னலில் பின்னால் நிற்கும் பைக்காரர் உங்கள் பெட்ரோல் நாற்றத்தைக் குடிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பட்டாசு வெடிக்கிற மாதிரி டியூன் செய்வதும் இதன் தம்பிதான். எரியாத பெட்ரோலைக் குழாய்க்குள் எரிய விடுவதுதான் அந்த வித்தை. கேட்கானை வைத்துக்கொண்டு செய்தால் அது சூட்டில் வீணாகும்.

டீசல் செடான் வைத்திருப்பவர்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்திருந்தால், மன்னிக்கவும். டீசலில் பாக்ஸை எடுத்தால் வேன் சத்தம்தான் வரும். உங்களுக்கு உள்ள வழி ஸ்பீக்கர். கேலியாகத் தோன்றலாம், ஆனால் ஆடி நிறுவனமே தன் ஏ6 பைடிடிஐ டீசலில் எக்ஸாஸ்டுடன் ஒலிப்பெருக்கி வைத்து விற்றது. பிஎம்டபிள்யூ போன்றவர்கள் பெட்ரோல் வண்டிகளிலும் எஞ்சின் ஒலியைக் காருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் கொடுக்கிறார்கள். போலி என்று அதை அணைத்துவிடுகிறவர்கள் அதிகம். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. சத்தம் உங்கள் காதுக்கென்றால் அது வேலையைச் செய்கிறது, தெருவில் யாருக்கும் தொந்தரவில்லை.

சட்டம் இந்த ஒப்பீட்டின் ஓரத்தில் நிற்கும் விஷயமல்ல. இந்தியாவில் பயணிகள் காருக்கு அனுமதித்த ஒலி 74 டெசிபெல். வண்டி முழு ஆக்சிலரேட்டரில் கடந்து போகும்போது 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் அளப்பது இது, பக்கத்தில் நின்று போனில் அளப்பதல்ல. தொழிற்சாலைகள் அந்த வரம்பை ஒட்டியே வண்டியை அமைக்கின்றன, நீங்கள் கூட்டுவதற்கு மிச்சம் அதிகமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒலி, மாசு வரம்பை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், மூன்று மாதம் உரிமத் தகுதியிழப்பும் உண்டு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்பது தனி. ஐரோப்பிய அனுமதி முத்திரை குழாயில் இருக்கிறது என்று காட்டினால் இங்கே அது செல்லாது. முள்ளோடை தாண்டிக் கடலூருக்குள் நுழைந்தாலும், வடக்கே கோட்டக்குப்பம் போனாலும் காவலரின் மாநிலம் மாறுமே தவிர சட்டம் மத்தியச் சட்டம்தான்.

அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் வழிகளின் வரிசையே மாறுகிறது. உள் ஸ்பீக்கருக்கும், தொழிற்சாலை வால்வை நிறுவனம் அனுமதித்த மோடில் பயன்படுத்துவதற்கும் பயமில்லை. வால்வைத் தனி ரிமோட்டில் எப்போதும் திறந்தே வைப்பது, வெளியில் வாங்கிப் போடும் எக்ஸாஸ்ட், ரெசனேட்டர் நீக்கம் மூன்றும் ஆபத்து ஏறுமுகத்தில் போகும். நேர்க்குழாய் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். கோரிமேட்டில் ஜிப்மர் வாசலையும், பிரெஞ்சுக் குடியிருப்பின் குறுகிய தெருக்களையும் யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் உயர்ந்த மதில்கள், சத்தம் அடித்துத் திரும்பி வரும். கடற்கரைச் சாலையில் காட்டலாம் என்றால் மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டிக்கே இடமில்லை.

ஆறு சிலிண்டர் என்றால் வால்வு, நாலு சிலிண்டர் என்றால் கையை வைக்காதீர்கள், டீசல் என்றால் ஸ்பீக்கர். இதையெல்லாம் கேட்டும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடிப்பது நல்லதல்ல. அப்புறம், கழற்றிய பழைய பாக்ஸைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது, தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றும்போது, ஷோரூமில் வாரண்டி வேலைக்கு விடும்போது அதைத் தேடுவீர்கள். உள்ளே தண்ணீர் இல்லாமல் வடித்து, இரண்டு முனையையும் துணியால் அடைத்து, மொட்டை மாடியில் போடாமல் வீட்டுக்குள் வையுங்கள்.