தள்ளுவதா, இழுப்பதா?

வீடு மாறும்போது புத்தகம் அடைத்த டிரங்குப் பெட்டியை நகர்த்தியிருக்கிறீர்களா? 50 கிலோ என்று வையுங்கள். குனிந்து, கைகளை 30 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளினால், நம் விசையில் பாதி பெட்டியைத் தரையோடு அழுத்துவதற்கே போய்விடும். அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். நாமே பெட்டியின் எடையை ஏற்றிவிட்டு, அப்புறம் அதோடு மல்லுக்கட்டுகிறோம்.

அதே பெட்டியின் கைப்பிடியில் கயிறு கட்டி, 30 டிகிரி மேல்நோக்கி இழுத்தால் கதை மாறும். விசையின் ஒரு பங்கு பெட்டியை லேசாகத் தூக்கிக் கொடுக்கிறது. உராய்வுக் கெழு (தரையை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்ற அளவு) 0.4 என்று கொண்டு கணக்குப் போட்டால், தள்ள ஏறத்தாழ 300 நியூட்டன் (விசையின் அலகு), இழுக்க 188 நியூட்டன். பெட்டி ஒன்றுதான், தரையும் ஒன்றுதான்! கயிறு செங்குத்தாக இருந்தால் இன்னும் சுலபம் என்று நினைக்க வேண்டாம், அது தூக்குவதாகிவிடும். இந்தத் தரைக்கு 22 டிகிரிதான் தோது.

சரி, தள்ளுவது எப்போதுமே மோசமா? இல்லை. மண்டியிட்டு, கையைத் தரைக்கு இணையாக நீட்டித் தள்ளினால் 200 நியூட்டன் போதும். உயரமான பீரோவுக்கு நான் இதைத்தான் செய்வேன், அதுவும் அடிப்பக்கமாக. மேலே கயிறு கட்டி இழுத்தால் நம் மேலேயே சாய்ந்துவிடும். பீரோவின் கால்களுக்கு அடியில் பழைய சாக்கைச் செருகிவிட்டால் எந்த வழியும் எளிதுதான்.