கூடுதல் வாரண்டிக்குப் பணம் கட்டலாமா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

எங்கள் வீட்டில் இரண்டு போன். 2022 தீபாவளிக்கு முன்னால் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் ஒரே கடையில் வாங்கியவை. என்னுடையது 1,499 வெள்ளி, அதாவது ரிங்கிட். அதற்கு இரண்டாம் வருடத்துக்கான கூடுதல் வாரண்டியை 169 வெள்ளி கொடுத்துச் சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்காரருடையது 799 வெள்ளி, அதற்கு ஒன்றும் போடவில்லை. இரண்டும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. புது போன் வாங்கப் போகிறவர்கள் பலரும் "அக்கா, அந்த எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாமா?" என்று என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை மேசையில் நீட்டப்படும் அந்தச் சாதாரண வாரண்டி நீட்டிப்பு என்றால் வேண்டாம். விழுந்தாலும் நனைந்தாலும் பொறுப்பேற்கும் திட்டம், அதையும் போன் கம்பெனியே நேரடியாகத் தருகிறது என்றால், விலை கூடிய போனுக்கு யோசிக்கலாம். ஏன் என்று கேட்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

நான் தோட்டத்து ஆப்பீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. வீட்டுக்காரர் செம்பனைப் பகுதியில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததிலிருந்து எங்கள் வேலையே போனில்தான். வராதவர் பட்டியல், வெட்டிய குலைக் கணக்கு, லாரி கிளம்பிய நேரம் எல்லாம் வாட்சாப்பில் படமாக வந்து விழும். அவர் போன் நாள் முழுக்கச் சட்டைப் பையில் வியர்வையோடு கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தால் பிளாஸ்டிக் பைக்குள் போகும். மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துச் செம்மண் பாதையில் போனால் குதித்துக் குதித்து எங்கே விழும் என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் ஒரு போன் கெட்டுப்போவது என்றால் இப்படித்தான் கெடும். கடையில் வாரண்டி விற்கும்போது இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நாமாகக் கேட்டால்தான் உண்டு.

கேட்டேன்.

"ரெண்டு வருசத்துக்குக் கவலையே இல்லக்கா. என்ன ஆனாலும் கொண்டாங்க, பாத்துக்கலாம்" என்றான் கடைத் தம்பி.

"என்ன ஆனாலுமா? கீழ விழுந்து ஸ்கிரீன் போனா?"

"அது வேற பிளான்க்கா."

"தண்ணி பட்டா?"

"அதுவும் அந்தப் பிளான்லதான் வரும்."

"பேட்டரி?"

அவன் கால்குலேட்டரை எடுத்து, மாதத்துக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். 169ஐ 12ஆல் வகுத்து, "பதினாலு வெள்ளிதான்க்கா" என்று திருப்பிக் காட்டினான். அந்த வருடம் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்துப் பார்த்தால், 169 என்பது தோட்டத்தில் ஒருவர் வாங்கும் ஏறக்குறைய மூன்று நாள் கூலி. மாதக் கணக்கில் சொல்லும்போது அது கண்ணில் படாது. தவணையில் வாங்குகிறவர்களுக்கு அந்தத் தொகை தவணைக்குள்ளேயே கரைந்துவிடும், கேட்காமலே சேர்த்துவிடுகிற கடைகளும் உண்டு. ரிசீட்டில் போன் விலையும் வாரண்டி விலையும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் தெரிந்தும் போட்டதற்குக் காரணம் மதர்போர்டு, அதாவது போனின் முதன்மைப் பலகை, போய்விடுமோ என்ற பயம். அது போனால் பாதி போன் விலை போய்விடும். ஆப்பீஸ் வேலை என் போனில் ஓடுகிறது, அந்த ஒரு செலவுக்காவது பாதுகாப்பு இருக்கட்டும் என்று கட்டினேன்.

வீட்டுக்கு வந்து தாளின் பின்பக்கத்தைப் படித்தேன். சின்ன எழுத்து, ஆங்கிலமும் மலாயும். தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான் பொறுப்பு. தேய்மானம் சேராது. பேட்டரி, சார்ஜர், கேபிள் எல்லாம் தீர்ந்துபோகும் பொருள்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். நீர்ச் சேதம் சேராது. வெளியே யாராவது திறந்திருந்தால் மொத்தமும் செல்லாது. பழுது பார்க்க முடியாவிட்டால் புது போன் கிடைக்காது, "அன்றைய மதிப்பு"தான் கிடைக்கும். அந்த மதிப்பை முடிவுசெய்வதும் அவர்களே. இன்னொன்றும் கண்ணில் பட்டது. வாரண்டி கொடுப்பது கடையும் இல்லை, போன் கம்பெனியும் இல்லை. மூன்றாவதாக ஒரு நிறுவனம். நம் ஊரில் போன் கடைகள் திறப்பதும் மூடுவதும் உங்களுக்கே தெரியும். கடை போய்விட்டால் அந்த மூன்றாமவரை நாமாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்தத் திட்டம் எந்த வருடத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது என்பதையும் யோசித்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் நடந்த தவறு பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டிவிடும். அதற்குக் கம்பெனியின் சொந்த வாரண்டி இருக்கிறது, அது பொதுவாக 12 மாதம். வயதாகி வரும் கோளாறுகள் இரண்டு மூன்று வருடம் கழித்து வரும். நடுவில் இருக்கும் அந்த இரண்டாம் வருடம்தான் போனுக்கு நல்ல காலம். மழை பெய்யாத மாதங்களுக்கு மட்டும் குடையை வாடகைக்கு விடுவதுபோல, அந்த வருடத்தைத்தான் நமக்கு விற்கிறார்கள்.

அந்த வருடத்தில் உண்மையாகவே தளரத் தொடங்குவது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரிக்கு வாழ்நாள் கணக்கு உண்டு. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்று. தினமும் ஒரு முழுச் சார்ஜ் போடுகிறவருக்கு 500 சுற்று என்பது ஒன்றரை வருடம்கூட இல்லை. இதில் சூடு வேறு. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் போனை வைத்தாலும், சார்ஜ் போட்டபடியே வீடியோ பார்த்தாலும் பேட்டரி இன்னும் சீக்கிரம் மூப்படையும். ஆக, கூடுதல் வாரண்டி நடக்கும் காலத்திலேயே பேட்டரி தளர்கிறது. அதைத்தான் முதல் வேலையாகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். என் போன் சாயங்காலத்துக்கு முன்பே அணைய ஆரம்பித்தபோது கொண்டுபோய்க் கேட்டேன். தாளில் எழுதியிருந்ததையே வாயால் சொன்னார்கள்.

தண்ணீர் விஷயத்தில் பலர் ஏமாறுவது "ஐபி68" என்ற நீர்த்தடுப்புக் குறியைப் பார்த்து. அது ஆய்வகத்தில், நல்ல தண்ணீரில், புதுப் போனை வைத்துச் செய்த சோதனை. போன் ஒருமுறை பலமாக விழுந்தாலோ, திறந்து மூடப்பட்டாலோ அந்தத் தடுப்பு பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே ஈரம் போனால் நிறம் மாறும் சின்ன ஒட்டு ஒன்று பல போன்களில் இருக்கிறது. ஐபோனில் அது வெள்ளையிலிருந்து சிவப்பாகும். சர்வீஸ் சென்டர்காரர் டார்ச் அடித்து முதலில் பார்ப்பது அதைத்தான். சிவந்திருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

சரி, 169 வெள்ளிக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா? கிடைத்தது. இரண்டாம் வருட நடுவில், நான் பேசுவது எதிர்முனையில் கேட்காமல் போனது. மைக் கோளாறு. கடையில் கொடுத்தேன். ஈப்போவில் கம்பெனி சர்வீஸ் சென்டரே இருக்கிறது, பழைய பெரிய சாலையில் போனால் முப்பது கிலோமீட்டர் சுமார். ஆனால் மூன்றாம் நிறுவனத்துக்கு அதோடு சம்பந்தமில்லை, போன் கோலாலம்பூருக்குப் போனது. திரும்பி வர ஏறக்குறைய மூன்று வாரம். நன்றாகச் சரிசெய்து, காசு வாங்காமல், உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துக் கொடுத்தார்கள். படங்களை முன்பே கூகளில் ஏற்றி வைத்திருந்ததால் தப்பித்தேன்.

பெரிய தொந்தரவு பேங்க்தான். எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணை நம்பக்கூடாது, அனுமதி கொடுப்பது ஒரே ஒரு சாதனத்தில்தான் இருக்க வேண்டும், புதுச் சாதனத்துக்கு மாறினால் காத்திருப்பு நேரம் வேண்டும் என்றெல்லாம் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் சொன்னது. மோசடியைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் போன் கோலாலம்பூரில் இருக்கும்போது பணம் அனுப்ப அனுமதி கொடுக்க முடியாமல், வேறொரு பழைய போனில் பதிந்து, காத்திருந்து, பிறகு மறுபடி மாற்றி என்று அலைய வேண்டியிருந்தது. போனைப் பழுதுக்குக் கொடுக்கும் முன்னாலேயே பேங்க் செயலியை வீட்டிலுள்ள இன்னொரு போனுக்கு மாற்றிவிடுங்கள்.

இதில் எனக்குச் சுருக்கென்று பட்டது வேறு. பிறகு ஒருநாள் டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சீனரிடம் அந்தக் கோளாறைச் சொன்னேன். சார்ஜ் போடும் துளையும் மைக்கும் சேர்ந்த சின்னப் பலகை ஒன்று இருக்கிறதாம், மாற்றினால் 80 வெள்ளி, ஒரு மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவாராம். வாரண்டி ஒழுங்காக வேலை செய்த ஒரே தடவையும், நான் கட்டிய தொகை பழுதுக் கூலியைவிட இரண்டு மடங்கு.

வீட்டுக்காரர் போனுக்கு என்ன ஆனது? எதிர்பார்த்தபடி கூடையிலிருந்து கல்லில் விழுந்து திரை உடைந்தது. எல்சிடி திரை என்பதால் 190 வெள்ளியோடு முடிந்தது. விலை கூடிய ஓஎல்இடி திரை என்றால் இதைப்போல இரண்டு மூன்று பங்கு ஆகியிருக்கும். அப்புறம் பேட்டரி ஒன்று, 75 வெள்ளி. மொத்தம் 265. என்னிடம் இருந்த அதே வாரண்டியை அவருக்கும் போட்டிருந்தால் இந்த 265இல் ஒரு காசுகூடத் திரும்பியிருக்காது.

மாறான அனுபவமும் ஒன்று பக்கத்திலேயே உண்டு. ஆப்பீஸில் என்னோடு வேலை செய்யும் அக்காவின் மகன் ஈப்போவில் படிக்கிறான். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் மடிக்கும் போன் வாங்கினான், நாலாயிரத்துக்கு மேல். போன் கம்பெனியின் சொந்தத் திட்டத்தில், விபத்துச் சேதமும் சேர்த்து, வாங்கிய கையோடு பதிந்துகொண்டான். பிறகு உள்திரை போனது. தன் பங்காக ஒரு தொகை கட்டினான், மீதியைத் திட்டம் ஏற்றுக்கொண்டது. அந்த உள்திரையைக் கைக்காசில் மாற்றியிருந்தால் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். அவனுக்குச் சர்வீஸ் சென்டர் பஸ் தூரத்தில் இருக்கிறது, வேலையும் சீக்கிரம் முடிந்தது. திரைதான் விலை, அதுதான் உடையும், அதற்குத்தான் பாதுகாப்பு. அப்படிப் பொருந்தி வந்தால் போடலாம். நம் பங்குத் தொகை எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை தடவை, எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும், இந்த மூன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஏபி செட், அதாவது கம்பெனியின் உள்ளூர் விற்பனை வழியில் வராமல் வேறு வழியில் இறக்குமதியான போன், வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை குறைவு என்று நம் பக்கம் நிறையப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள், தப்பில்லை. ஆனால் அதற்குக் கம்பெனியின் மலேசிய வாரண்டி கிடையாது. பெட்டியில் "ஒரு வருட வாரண்டி" என்று ஒட்டியிருந்தால் அது கடையின் வாக்கு மட்டும்தான். அந்த வாக்குக்கு மேல் இன்னொரு வாக்கைக் காசு கொடுத்து வாங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பெட்டியிலும் ரிசீட்டிலும் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

வாரண்டித் தாளை வைத்து மிரட்டுகிறவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் தானாகவே உண்டு. கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் அதில் பொறுப்பு இருக்கிறது, அதை ஒரு தாளில் கையெழுத்து வாங்கி இல்லாமல் ஆக்க முடியாது. விலை, பொருளின் தன்மை, எவ்வளவு காலம் உழைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கலாம் என்பதெல்லாம் கணக்கில் வரும். 1,500 வெள்ளிப் போன் ஒழுங்காக வைத்திருந்தும் பதின்மூன்றாம் மாதம் தானாகச் செத்தால், "வாரண்டி முடிஞ்சிருச்சு" என்பது கடைசி வார்த்தை ஆகிவிடாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதியக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை. ரிசீட்டு மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அடித்த ரிசீட்டு சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் பிடித்துவிடுங்கள்.

இந்த வருடம் மகளுக்கு ஒரு போன் வாங்கினோம். 2025இல் வந்த சாம்சங் ஏ26, ஏ36 போன்றவற்றுக்கு ஆறு வருடம் மென்பொருள் மேம்பாடு தருவதாகச் சொல்கிறார்கள், அந்த வரிசையில் ஒன்று. ஆறு வருடம் ஓட வேண்டிய போனுக்கு நடுவில் ஒரு வருட வாரண்டியை நீட்டுவதைவிட, இடையில் ஒரு பேட்டரி மாற்றக் காசு இருப்பது உதவும். கடையில் 149 வெள்ளிக்கு நீட்டிப்பு சொன்னார்கள், வேண்டாம் என்றேன். கவரும் கண்ணாடி ஒட்டும் 45. மிச்சம் 104 வெள்ளியை ஓர் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். இதுவரை அவள் போட்டு உடைத்தது அந்தக் கண்ணாடி ஒட்டு மட்டும். புதிது ஒட்ட 15 வெள்ளி எடுத்தேன்.