விமானந்தாங்கிக் கப்பல்: வாங்குவதா, கட்டுவதா?

இந்தியாவுக்கு மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பல் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் வருகிறது. நம்மிடம் இரண்டு அனுபவமும் உண்டு: ரஷ்யாவிடம் வாங்கிய விக்ரமாதித்யா, கொச்சியில் கட்டிய விக்ராந்த்.

செலவு
வாங்கியது: 2004-இல் சுமார் 97 கோடி டாலர் என்றார்கள், கடைசியில் 230 கோடியைத் தாண்டியது.
கட்டியது: சுமார் 20,000 கோடி ரூபாய். இதுதான் அதிகம். ஆனால் பெரும்பகுதி உள்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கே போனது.

காலம்
வாங்கியது: 2008-இல் வரவேண்டியது, 2013 நவம்பரில்தான் கடற்படையில் சேர்ந்தது.
கட்டியது: 2009-இல் ஏரா (கப்பலின் அடித்தண்டு) வைத்து, 2022 செப்டம்பரில் சேர்ந்தது.

பராமரிப்பு
வாங்கியது: 1987-இல் சோவியத் கடற்படையில் சேர்ந்த கப்பலின் உடல், நீராவிக் கொதிகலன்கள். 2012 சோதனை ஓட்டத்தில் அவையே பழுதாகி ஓராண்டு போனது.
கட்டியது: நான்கு எரிவாயுச் சுழலிகள். அதைவிட முக்கியம் எஃகு. வெளியிலிருந்து கிடைக்காதபோது நம் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் அரசு எஃகு நிறுவனமான ‘செயில்’-உம் சேர்ந்து போர்க்கப்பல் எஃகை உருவாக்கின. அப்புறம் வந்த போர்க்கப்பல்களுக்கும் அது பயன்பட்டது. எனக்கு இதுதான் பெரிய வெற்றி.

விமானம்
இரண்டிலும் ரஷ்யாவின் மிக்-29கே. சொந்தக் கப்பல் வந்தும் சொந்தப் போர்விமானம் இன்னும் வரவில்லை. 2025-இல் பிரான்சின் 26 ரஃபேல்-எம் வாங்க ஒப்பந்தம் போட்டோம்.

பழைய விமானந்தாங்கிக் கப்பலான விராட் ஓய்வை நெருங்கிய நேரத்தில் வாங்கியது சரி. இடைவெளியை நிரப்ப வேறு வழியில்லை. மூன்றாவது கப்பலைக் கொச்சியிலேயே கட்ட வேண்டும், விக்ராந்தில் பழகிய கைகள் கலைவதற்குள்.