ராக் கிட்டார் சோலோவை வாசித்து அனுப்புவது: பல பாடல்களுக்குப் பிறகும் கைவிடாத முறை

டிரம்ஸ் ஓரிடத்தில், பேஸ் ஓரிடத்தில், மிக்ஸ் வேறொருவர் கையில் என்று ஆளுக்கொரு மூலையிலிருந்து பாடல் செய்யும்போது, சோலோ வாசிப்பவர் பெரும்பாலும் கடைசியாகத்தான் வருவார். முன்னால் நடந்த பிழைகளெல்லாம் அவர் மடியில் வந்து விழும். அனுப்பிய பிறகு அதை வெட்டுவதும் ஒட்டுவதும் அவர் கையில் இல்லை. நீண்ட காலப் பயன்பாட்டில் தாக்குப்பிடித்த முறை இது: கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) சொருகி, ஆம்ப் சிமுலேட்டர் (ஆம்பின் ஒலியைப் போலச் செய்யும் மென்பொருள்) வழியாகக் கேட்டபடியே, பதிவில் மட்டும் எஃபெக்ட் எதுவும் சேராத டிரை டிராக்கை எடுப்பது. இதன் குறைகளும் கீழே வரும்.

முதலில் வந்துசேரும் பேக்கிங் டிராக்கை, அதாவது சோலோவுக்குப் பின்னணியாக ஓடும் மற்ற வாத்தியங்களின் பதிவைப் பார்க்க வேண்டும். எம்பி3 ஆக வந்தால் வேவ் கோப்பாகக் கேட்டு வாங்குவது நல்லது. எம்பி3 ஆக மாற்றும்போது கோப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு வெற்றிடம் சேர்கிறது. சில மென்பொருள்கள் அதை நீக்கிவிடும், சில நீக்காது. 25 மில்லிசெகண்ட் அளவுக்குத் தள்ளிப்போனால் சோலோ 'ஏதோ சோம்பலாக' ஒலிக்கும், காரணம் யாருக்கும் பிடிபடாது. சாம்பிள் ரேட் (ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) இன்னொரு பொறி. 44.1 கிலோஹெர்ட்ஸில் உள்ள கோப்பை மாற்றாமல் 48-இல் ஓடவிட்டால், வேகம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும், சுருதி ஒன்றரை செமிடோன் ஏறும். டியூனர் சரியென்று காட்டும்போதே பாடலோடு ஒட்டவில்லை என்றால் முதலில் இங்கேதான் தேட வேண்டும். கிட்டார்கள் அரை ஸ்டெப் இறக்கி டியூன் செய்யப்பட்டவையா என்பதையும் கேட்டுக்கொண்டால் ஒரு மாலைப்பொழுது மிச்சம்.

இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் அல்லது ஹை-இசட் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். சாதாரண லைன் இன்புட்டில் சொருகினால் பிக்கப்பின் மேல் சுமை ஏறி, ட்ரெபிள் மங்கி, கம்பளி போர்த்தியது போல் ஒலிக்கும். பின்னால் ஈக்யூ போட்டாலும் முழுதாக மீளாது. 24 பிட்டில் பதியும்போது, ஆக அழுத்தி அடிக்கும் பிக் அடி மைனஸ் 10 டெசிபலைச் சுற்றி நின்றால் போதும். அளவுமானியின் சிவப்பைத் தொட்டால் அந்த டேக் (ஒருமுறை வாசித்த பதிவு) போனது போனதுதான்.

தாமதம், அதாவது அடித்த நோட் காதுக்கு வர ஆகும் நேரம்: 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரே தவணையில் கையாளும் ஒலித் துண்டு) என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட். உள்ளே போய் வெளியே வர மொத்தம் 10-க்குள் இருந்தால், ஆம்பிலிருந்து மூன்று, மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது போலத்தான். கணினி திணறினால் பஃபரை ஏற்றுவதைவிட, பேக்கிங் டிராக்கை ஒரே ஸ்டீரியோ கோப்பாக வைத்துக்கொண்டு மற்ற பிளக்-இன்களை அணைத்துவிடலாம். பதிவானது சரியான இடத்தில்தான் விழுகிறதா என்று ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, மெட்ரோனோம் கிளிக்கையே திருப்பிப் பதிந்து, இரண்டு அலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். விலகல் இருந்தால் அந்த சாம்பிள் எண்ணிக்கையை மென்பொருளின் ரெக்கார்டிங் ஆஃப்செட்டில் கொடுத்துவிடலாம்.

கேட்பதற்கு நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச பிளக்-இன் தாராளம். ஆனால் ஆம்ப் தலையை மட்டும் பிடித்த மாடலுக்குப் பின்னால் கேபினெட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பிடித்த கோப்பு) இல்லாவிட்டால் தேனீக்கூடு கலைந்த மாதிரி கத்தும். டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெய்னை, பிடித்த அளவைவிடக் கொஞ்சம் குறைத்தே வைக்க வேண்டும். அதிக டிஸ்டார்ஷனில் தளர்ந்த விரலும் நீளமான நோட்டாகக் கேட்கும்; மிக்ஸ் செய்பவர் கெய்னைக் குறைத்ததும் அந்த நோட் பாதியில் செத்துவிடும். நாய்ஸ் கேட்டை (சத்தம் குறைந்ததும் ஒலியை மூடிவிடும் கருவி) நம்பி வாசிப்பதும் இதே கதைதான். தேவையில்லாத கம்பிகளை உள்ளங்கையாலும் இடது கை விரல் நுனியாலும் அடக்குவதற்கு மாற்றே இல்லை.

இனி இம்ப்ரோவைசேஷன், அதாவது முன்கூட்டி எழுதிவைக்காமல் அந்த நேரத்தில் வாசிப்பது. ஏ மைனர், எஃப், சி, ஜி ஆகிய காருடுகள் (ஒன்றாக ஒலிக்கும் நோட்டுகளின் கூட்டம்), ஒவ்வொன்றும் நான்கு அடி கொண்ட ஒரு பார், 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) என்று வைத்துக்கொள்வோம். 16 பார் என்றால் 32 வினாடி. ஏ மைனர் பென்டடோனிக்கை (ஐந்து நோட்டு ஸ்கேல்) மேலும் கீழும் ஓட்டினால் எதுவும் தப்பாகாது. எதுவும் மனதில் நிற்கவும் நிற்காது. ஒவ்வொரு காருடும் மாறும் இடத்தில் எந்த நோட்டில் இறங்குவது என்பதை மட்டும் முன்கூட்டியே வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளதைக் கையின் போக்கில் விடுவதுதான் நல்ல பலன் தருகிறது. ஏ மைனரில் மூன்றாம் கம்பி 5-ஆம் ஃப்ரெட்டின் சி, எஃப் மேல் முதல் கம்பி 5-ஆம் ஃப்ரெட்டின் ஏ, சி மேல் இரண்டாம் கம்பி 5-ஆம் ஃப்ரெட்டின் ஈ. ஜி வரும்போது பென்டடோனிக்கில் பி கிடையாது. இரண்டாம் கம்பி 10-ஆம் ஃப்ரெட்டின் ஏ-வை ஒரு முழு டோன் பெண்ட் செய்தால், அதாவது கம்பியை விரலால் தள்ளிச் சுருதியை ஏற்றினால், பி கிடைக்கும். அந்த ஒரு பெண்ட் சோலோவையே தூக்கி நிறுத்தும். ஆனால் ஒரு சென்டிமென்ட் பாட்டில் அது கால் டோன் குறைந்து நின்றால் மொத்த உழைப்பும் வீண். 12-ஆம் ஃப்ரெட்டின் பி-யை முதலில் அடித்துக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு பெண்டை அதோடு ஒப்பிட்டுப் பழகலாம். ஜி மேல் சி-யை நீட்டிப் பிடித்தால் உரசும். கடந்துபோகும் நோட்டாக மட்டும் வைக்கலாம். டோரியன் (ஆறாம் நோட் அரை டோன் உயர்ந்த மைனர் ஸ்கேல்) நிறத்துக்காக எஃப் ஷார்ப் சேர்க்க ஆசை வந்தால், எஃப் காருடின் மேல் அதைத் தொடாமலிருப்பது உத்தமம்.

அடுத்தது மூச்சு. ஒன்றரைப் பார் வாசித்து அரைப் பார் சும்மா இருப்பது கேட்பவருக்கும் நல்லது, வெட்டி ஒட்டுபவருக்கும் நல்லது. கூட்டு வேலையில் அந்த இடைவெளிதான் கத்தரிக்கோல் போகும் வழி. 16 பாரையும் இடைவிடாமல் நிரப்பி அனுப்பினால், நடுவில் ஒரு நோட் சறுக்கியிருந்தாலும் முழுதாக ஏற்க வேண்டும், அல்லது முழுதாகத் தள்ள வேண்டும். முதல் சொற்றொடரை முணுமுணுத்துப் பார்த்து, பாட முடிந்தால் வாசிக்கலாம். பாட முடியாதது பெரும்பாலும் விரலின் பழக்கம்தான்.

டேக் மூன்று முதல் ஐந்து. அதற்கு மேல் போனால் கை, போன டேக்கை மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கும். இரண்டு டேக்குக்கு ஒருமுறை டியூனரைப் பார்ப்பது அவசியம். பெண்ட் அதிகமுள்ள சோலோவில் புதுக் கம்பிகள் வேகமாக இறங்கும். மேல் ஃப்ரெட்களில் மட்டும் சுருதி விலகினால், 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் நோட்) அழுத்திய நோட்டையும் ஒப்பிட வேண்டும். அழுத்தியது கூடியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி தங்கும் துண்டு) பின்னுக்குத் தள்ள வேண்டும்.

சேர்க்கும்போது ஒரு டேக்கை முதுகெலும்பாக வைத்து, சறுக்கிய இரண்டு மூன்று சொற்றொடர்களை மட்டும் மற்றவற்றிலிருந்து எடுக்கலாம். எல்லா டேக்கிலிருந்தும் சிறந்ததைப் பொறுக்கினால் ஏற்ற இறக்கம் குலைந்து, ஐந்து பேர் மாறி மாறிப் பேசுவது போலாகிவிடும். வெட்டு, பிக் அடிக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் (ஒன்று அடங்க மற்றொன்று எழும் கலப்பு) போதும். வைப்ராட்டோவின் நடுவில் வெட்டினால் சுருதி துள்ளுவது நிச்சயம் தெரியும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் 2023-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து டேக்குகளை லேன்களாக அடுக்கித் தேய்த்துத் தேர்ந்தெடுக்க விடுகிறது. இந்த வேலைக்கு அது நிஜமாகவே கைகொடுக்கிறது. டிலேயை (எதிரொலி எஃபெக்ட்) சேர்த்தே பதிந்திருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் முந்தைய சொற்றொடரின் வால் அறுபடும். டிரை டிராக்கின் அருமை புரிவது அங்கேதான்.

குறைகள். ஹெட்ஃபோனில் வாசிக்கும்போது ஸ்பீக்கரும் கம்பியும் பேசிக்கொள்ளும் ஃபீட்பேக் கிடைக்காது. அது சோலோவின் உயிராக இருந்தால் நிஜ ஆம்ப் முன்னால் நின்று, மைக்கும் டிரையும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். வா பெடலும் (காலால் அசைத்து ஒலியின் நிறத்தை மாற்றுவது) அப்படித்தான்: கால் அசைவும் வாசிப்பின் பகுதி, டிரை டிராக்கில் அது இருக்காது. வா பயன்படுத்தினால் அதைச் சேர்த்தே பதிவதைத் தவிர வழியில்லை. சிங்கிள் காயில் பிக்கப்பின் இரைச்சலும் டிரையில் அப்படியே வரும். திரையிலிருந்து விலகி, கிட்டாரை மெல்லத் திருப்பி, இரைச்சல் குறையும் கோணத்தில் உட்கார்ந்தால் பாதி அடங்கும்.

அனுப்புவது இரண்டு கோப்புகள்: மோனோ டிரை, பிறகு மனதிலிருந்த ஒலி இன்னதென்று காட்ட எஃபெக்ட் சேர்ந்த ஒன்று. சோலோ மூன்றாம் நிமிடத்தில் தொடங்கினாலும் இரண்டும் பாடலின் பூஜ்ய வினாடியிலிருந்தே தொடங்கட்டும். கோப்பின் பெயரிலேயே வேகம், ஸ்கேல், சாம்பிள் ரேட், எத்தனையாவது பதிப்பு என்பது இருக்கட்டும். டிலே எவ்வளவு என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். 120 பிபிஎம்மில் டாட்டட் எய்ட்த் (முக்கால் அடி) என்றால் 375 மில்லிசெகண்ட்.