அல்சூர் ஏரி: காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள்

போன ஞாயிறு அம்மாவை அல்சூர் ஏரிக்குக் கூட்டிப் போனேன். பெங்களூருக்கு வந்து ஆறு வருடமாகிறது, எம்.ஜி. ரோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அம்மா சிவகங்கைப் பக்கம் கண்மாய்க் கரையில் வளர்ந்தவர். வந்து நின்றதும் முதல் கேள்வியே, "மடை எங்கேடா, கலுங்கு எங்கே?" தண்ணீர் திறந்துவிடும் மதகையும், நிரம்பினால் மிச்சம் வழியும் இடத்தையும்தான் கேட்கிறார்.

கேட்டது சரிதான், இதுவும் வெட்டின ஏரிதானே. பெங்களூரை ஆண்ட கெம்பே கவுடர்கள் காலத்தது என்பார்கள், 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கமிஷனர் பௌரிங் காலத்தில் சீரமைத்தார்கள். 120 ஏக்கருக்கு மேல் தண்ணீர், நடுவில் மரம் அடர்ந்த குட்டித் தீவுகள். ஒரு பக்கம் மதராஸ் சாப்பர்ஸ் ராணுவ மையம், இன்னொரு பக்கம் குருத்வாரா. வெயில் ஏறுவதற்கு முன் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைப்பதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் இது ஊருக்கு நடுவில் இருக்கிறது என்பதே மறந்துபோகும். அம்மா அரை மணி நேரம் பேசவே இல்லை.

ஆனால் கழிவுநீர் வந்து கலக்கிற மூலையில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். மழைத்தண்ணீர் வரவேண்டிய கால்வாயில் சாக்கடை வந்தால் எந்த ஏரி தாங்கும்? 2016 மார்ச்சில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தது இங்கேதான். அம்மாவுக்கு அதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. வரத்துக் கால்வாயைக் காப்பாற்றாமல் நடைபாதைக்கு மட்டும் கல் பதித்து என்ன பயன், எனக்கு இதில் நிஜமாகவே கோபம்.

அப்புறம் திருவள்ளுவர் சிலை. தமிழர்கள் யாரும் இதைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். 1991இல் வைத்து, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி கருணாநிதி திறந்தார், அப்போதைய கர்நாடக முதல்வர் எடியூரப்பாவும் இருந்தார். பதிலுக்கு நாலே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தமிழ்ச் சங்கமும் பக்கம்தான்.

பர்ப்பிள் லைன் மெட்ரோவில் அல்சூர் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போகலாம், அங்கே பலகையில் ஹலசூரு என்று இருக்கும். விநாயகர் சதுர்த்தி வாரம் சிலை கரைக்க வரும் கூட்டம் நெரியும், அமைதியாக நடக்க நினைப்பவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.