கேம் ஆக்கச் சிலம்பா, மணிமேகலையா?

காரைக்குடிப் பக்கம் கேம் செய்யக் கற்கும் பிள்ளைகள் பழந்தமிழ்க் கதை என்றதும் சிலப்பதிகாரத்தைத்தான் எடுக்கிறார்கள். நகரத்தாரின் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம், அதாவது புகார், என்று பரம்பரையாகச் சொல்லி வருவதால் கோவலனும் கண்ணகியும் சொந்தக்காரர்கள் மாதிரி. ஆசை நியாயமானது. ஆனால் கோவலன் கொலையைத் தடுக்க ஆடுபவருக்கு வழி கொடுத்தால் கதை போச்சு. கொடுக்காவிட்டால் பட்டனை அழுத்திக்கொண்டே படம் பார்த்த மாதிரிதான். 2019-இல் வந்த 'எல்சினோர்' என்ற கேம், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்து ஒஃபீலியாவை அதே நாட்களைத் திரும்பத் திரும்ப வாழவைத்து இந்தச் சிக்கலைத் தாண்டியது. கண்ணகிக்கு அது ஒட்டாது. மதுரை ஒரு தடவைதான் எரிய வேண்டும்.

மணிமேகலையில் செயல் நாயகியின் கையிலேயே இருக்கிறது. வேற்றுரு எடுக்க, வானில் செல்ல, பசி தாங்க என்று மூன்று மந்திரங்கள். அவள் காயசண்டிகை என்பவளின் உருவை எடுத்ததால்தான், அவளை விரும்பித் தொடர்ந்த சோழ இளவரசன் உதயகுமாரன் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வாளுக்கு இரையாகிறான். சக்தியைப் பயன்படுத்தினால் விளைவு உண்டு; நல்ல கேமுக்கு வேண்டியது இதுதான். அவள் கையில் இருக்கும் சோற்றுப் பாத்திரமான அமுதசுரபியோ வற்றாது. அப்படியானால் சவால் எங்கே? அவளுக்கு முன் அதை வைத்திருந்த ஆபுத்திரன் கதையைப் பாருங்கள். ஆளில்லாத மணிபல்லவத் தீவில் அதே பாத்திரம் பயனற்றுப் போகிறது. பசித்தவரைத் தேடிப் போய்ச் சேர்வதுதான் ஆட்டம். 2010-இல் வந்த 'டான்டேஸ் இன்ஃபெர்னோ' கேம், நரகத்தைப் பாடிய இத்தாலியக் கவி தாந்தேயின் கையில் அரிவாளைக் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பியது போல இவளிடமும் வாளைக் கொடுத்துவிடாதீர்கள்.

கம்பராமாயணத்தைத் தொட வேண்டாம். கம்பன் விழா கேட்டு வளர்ந்த ஊரில் முடிவை மாற்றவும் மனம் வராது, மாற்றாமல் ஆடவும் சுவைக்காது.

ஆக, முழுக் காப்பியம் என்றால் மணிமேகலைதான். நாலைந்து பேர் சேர்ந்து முதல் கேம் செய்வதானால் சிலம்பில் புகாரிலிருந்து மதுரை வரையான நடையை மட்டும் எடுங்கள். நாடுகாண் காதையில், கோவலன் கண்ணகியோடு நடக்கும் சமணத் துறவி கவுந்தியடிகள் நீர்க்கரையில் நண்டும் நத்தையும் மிதிபடாமல் நடக்கச் சொல்கிறார். ஆடுபவர் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டிய கட்டம் அது. அப்புறம் கொடும்பாளூர்ப் பக்கம் வழி மூன்றாகப் பிரிகிறது. இடப்பக்க வழியில் அழகர்மலைக் குகை. இம்மை இன்பம் எது, மறுமை இன்பம் எது, என்றும் நிலைப்பது எது என்று அங்கே தோன்றும் வரோத்தமை என்ற தெய்வப் பெண் கேட்பாள், விடை சொன்னால் கதவு திறக்கும். நடுவழியில் கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை உருவில் வந்து மயக்கும், மந்திரம் சொன்னால் வேடம் கலையும். புதிரும் பொறியும் இளங்கோவே வைத்தவை!

கானாடுகாத்தானின் செட்டிநாட்டு வீடுகளை ஸ்கேன் செய்து புகார் ஆக்க வேண்டாம். பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கோவலன் காலத்துப் பொருள் அல்ல. நம்ம ஊரிலிருந்து எடுக்க வேண்டியது வேறு. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடந்து போகிறவர்களிடம் கேளுங்கள்: கால் எப்போது கொப்பளிக்கும், வெயில் ஏறும்போது எங்கே ஒதுங்குவார்கள், கூட வருபவர் தளர்ந்தால் நடை எவ்வளவு குறையும் என்று. கண்ணகியின் நடைக்கு அந்தக் கணக்கு வேண்டும்.